திரும்பி வந்த சரக்கு

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் கூகைக் குழுவில் ஒரு விதி இருக்கிறது: யாரைப் பற்றி எதைச் சொன்னாலும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்த செயலாளரே நான்தான். அதோடு, போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். கடைசியில் கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன்.

இரண்டு கூகை ஆந்தைகள் செத்துக் கிடந்தன. ஒன்று போன வாரம், ஒன்று நேற்று. இரண்டும் மாவு மில்லுக்குப் பின்னால். காயம் எதுவும் இல்லை.

ஞாயிறு காலை நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். பதினான்கு கூட்டுப் பெட்டிகளுக்கும் கீழே கூகைகள் கக்கிப் போட்ட உருண்டைகளைப் பொறுக்கி, பேசினில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் எலி மண்டைகளை எண்ணுவோம். நீ ஒருமுறை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாயே, அதேதான். எலி மருந்தை விடக் கூகை நன்றாக வேலை செய்யும் என்று இந்த ஊர் நம்பியது அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான். நேற்று மில் பெட்டியின் உருண்டையைக் கரைத்தபோது தண்ணீர் நீலமாகிவிட்டது. எங்கள் தலைவர் தையற்காரம்மா, “என்னப்பா இது, துணிச்சாயம் மாதிரி இருக்கு?” என்றார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எலிக்கட்டியின் நீலம், எலி மருந்தின் நிறம்.

மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைப் பிடிப்பது சுலபம். பிடித்துத் தின்றால் கூகைக்கும் அதே கதி.

ஊரில் எல்லாரும் மருந்து போடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள். யாரோ ஒருவர் வாக்கு மீறியிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எலிக்கட்டி விற்ற கடை உன்னுடையது ஒன்றுதான். போன ஒரு வருஷத்தில் எங்கள் ஊரில் யார் யார் வாங்கினார்கள்? எழுத்தில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

உன் தம்பி

*

மார்ச் 4, புதன்

தம்பிக்கு,

உன் கடிதம் தக்காளி நாற்றுக் கூடை மேல் உட்கார்ந்து பஸ்ஸில் சுகமாக வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். தம்பி எழுதியதா, கோர்ட்டிலிருந்து வந்ததா என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனேன். அக்கா எப்படி இருக்கிறாய், முழங்கால் வலி எப்படி என்று ஒரு வரி போட்டால் உன் குழுவின் விதி உடைந்துவிடுமா?

சரி, கேட்டதற்குப் பதில். போன ஆகஸ்டில் நீயே வந்து என் கடை வாசலில் ஏணி போட்டு, ‘இங்கே எலி மருந்து விற்பதில்லை’ என்று பலகை மாட்டினாய். அன்றிலிருந்து உன் ஊர்க்காரர் யாருக்கும் ஒரு பாக்கெட் கொடுக்கவில்லை. இதை எந்தக் கூட்டத்திலும் சொல்லலாம். அதற்கு முன்னால் பால்காரர் இரண்டு பாக்கெட் வாங்கினார். உன் மாமனார் ஜூலையில் ஒரு பெட்டி, நாற்பது பாக்கெட் வாங்கினார். மில் வைத்திருக்கிறவர், மாவு இருக்கிற இடத்தில் எலி இருக்கும், வாங்கினார். அதில் தப்பு இல்லை. உன் கையெழுத்துக் கூத்தெல்லாம் பிறகுதானே வந்தது.

போதுமா? நான் தராசில் கட்டைவிரல் வைக்காமல் முன்னுக்கு வந்தவள், உனக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன். செத்தது செத்தாயிற்று. இருக்கிறதைக் காப்பாற்றுகிற வழியைப் பார். யாரையும் போட்டுத் தோண்டாதே.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா

*

மார்ச் 9, திங்கள்

அக்காவுக்கு,

நேற்றுக் கூட்டத்தில் உன் கடிதத்தை வாசித்தேன். முழுவதும் இல்லை, மாமனாரைப் பற்றிய வரிகளை மட்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

“மாமா, ஜூலைல நாப்பது பாக்கெட் வாங்கியிருக்கீங்க. அதெல்லாம் எங்க?” என்று கேட்டேன்.

“பெட்டியைப் பிரிக்கவே இல்லை மாப்ளே. கையெழுத்துப் போட்ட மறுநாளே உங்கக்கா கடையில கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துட்டேன். கேட்டுப் பாரு.”

“அப்படி எழுத்துல இல்லையே மாமா.”

“எழுத்துல இல்லைன்னா? நான் அதைத் தலையில வச்சுக்கிட்டு பஸ் ஏறினது இல்லைன்னு ஆயிடுமா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. “எங்கக்கா எதையும் விட்டு எழுதறவ இல்லை” என்றேன். தையற்காரம்மா, “ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமே” என்றார். நான் விடவில்லை. உருண்டை கிடைத்தது மில் பெட்டியில், செத்தது மில்லுக்குப் பின்னால், வாங்கியதற்கு எழுத்து இருக்கிறது. கை தூக்கச் சொன்னோம். ஒன்பது கைகள். மில் வாசலில் இருந்த ‘மருந்து போடாத மில்’ பலகையைக் கழற்ற முடிவாகியது. ஊரில் ஏணி வைத்திருக்கிற எலெக்ட்ரீசியன் நான் ஒருவன்தான். நானே ஏறிக் கழற்றினேன். மாமனார் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பலகையைக் கழட்டிட்டே. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள உன் கூகைப் பெட்டியையும் கழட்டிக்கோ. மருந்து வைக்கிறவன் வீட்டுல கூகை எதுக்கு?” என்றார்.

பெட்டிக்குள் நான்கு குஞ்சுகள். இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. இடத்தை மாற்றினால் தாயும் தகப்பனும் தீனி கொண்டுவராது. இருபத்திரண்டாம் தேதி கழற்றினால் நான்கும் போய்விடும்.

வீட்டுக்கு வந்தேன். உள்ளே என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எங்கப்பா பொய் சொல்ற ஆளா இல்லையான்னு உங்களுக்கு ஒரு காகிதம் சொல்லணுமா?” என்று கேட்டாள். மடித்த துணியைப் பையில் வைத்துக்கொண்டு மில்லிலேயே இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு வீடு தள்ளித்தான். நான் கூப்பிடவில்லை.

செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு வரி எழுது. அவர் திருப்பிக் கொடுத்தாரா, இல்லையா?

தம்பி

*

மார்ச் 11, புதன்

தம்பிக்கு,

விதை சீசன். கடையில் நிற்க இடமில்லை. பழைய சரக்குப் புத்தகம் பரணில் இருக்கிறது, எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை எதுவும் செய்யாதே. கழற்றியவனே ஏறி அந்தப் பலகையைத் திரும்ப மாட்டு. போய் உன் பெண்டாட்டியைக் கூட்டி வா. ஆறு வீடுதானே, செருப்புக்கூட வேண்டாம்.

செத்தவை எந்தப் பக்கம் கிடந்தன? சாலைப் பக்கமா, ஆற்றுப் பக்கமா?

அக்கா

*

மார்ச் 13, வெள்ளி

அக்காவுக்கு,

சரக்குப் புத்தகமா? முப்பது வருஷத்துக்கு முன்னால் தெருவில் கூடை வைத்து விற்றபோது யார் என்ன வாங்கினார்கள் என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்லுவாய். உனக்குப் புத்தகம் எதற்கு?

ஆற்றுப் பக்கம்தான். ஏன் கேட்டாய்? நான் ஆற்றைப் பற்றி உனக்கு எழுதவே இல்லையே.

நேற்றுக் காலை இன்னொன்று. அதுவும் ஆற்று மணலில். காலில் நாங்கள் போட்ட வளையம் இருந்தது, மில் பெட்டியின் ஆண். இனி நான்கு குஞ்சுகளுக்கும் தாய் ஒன்றுதான் தீனி தேட வேண்டும். அதுவும் அதே எலிகளைத்தான் பிடிக்கப் போகிறது. அதுவும் விழுந்தால் அந்தப் பெட்டியில் பார்க்க எதுவும் இருக்காது.

மில்லில் இந்த வாரம் மாவு அரைக்க யாரும் வரவில்லை. பக்கத்து ஊர் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் தெருவில் நடந்தால், “நல்ல காரியம் பண்ணினே” என்று முதுகில் தட்டுகிறார்கள். இப்போது நான் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆமாவா, இல்லையா?

தம்பி

*

மார்ச் 14, சனி

தம்பிக்கு,

ஆமா.

கடையை மூடிவிட்டு, சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பகலில் ஷட்டர் இறங்கியதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தட்டினார்கள். யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்திருப்பார்கள்.

உன் மாமனார் ஆகஸ்டில் பெட்டியோடு வந்தார். நூல் பிரிக்காத பெட்டி. “மாப்ள கையெழுத்து வாங்கிட்டான், இனி இது என்கிட்ட இருந்தா அசிங்கம்” என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எனக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் சம்பந்தி, வாங்கினேன். பெட்டி பின்னறையில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் காலில் இடித்தது.

உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. நீ மாதச் சம்பளத்துக்குக் கம்பம் ஏறியவன். நான் வாடிய கீரையைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. தண்ணீர் தெளித்து, அடுத்த தெருவுக்குப் போய், குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி விற்றிருக்கிறேன். விற்காத சரக்கு என்பதே எனக்குக் கிடையாது. தப்பான தெருவில் நிற்கிற சரக்குத்தான் உண்டு. போன மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழு பேர் விதை வாங்க வந்தார்கள். எலித் தொல்லை என்று புலம்பினார்கள். அவர்கள் ஊர் வேறு. உன் கையெழுத்துத் தாளில் அவர்கள் இல்லை. நாற்பது பாக்கெட்டையும் கொடுத்து அனுப்பினேன். ‘அங்கே யார் வாக்குக் கொடுத்தார்கள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆற்றைத் தாண்ட உன் கூகைக்கு எத்தனை சிறகடி ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று இருந்தேனோ, அதுவும் தெரியவில்லை.

உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பலகை மாட்டின கடை என்னுடையது. உன் ஊரே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் என்னிடம் வருகிறது. அதனால் அவர் வாங்கினார் என்று எழுதினேன், திருப்பினார் என்று எழுதவில்லை. பொய் ஒரு எழுத்துகூட இல்லை. சரியாக நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன். நீ அதைக் கொண்டுபோய் ஒரு மனுஷன் தலையில் போட்டாய்.

இந்தக் கடிதத்தை நாளைக்குக் கூட்டத்தில் வாசி. முழுவதும் வாசி.

அக்கா

*

மார்ச் 16, திங்கள்

அக்காவுக்கு,

வாசிக்கவில்லை.

திட்டாதே, முழுதும் படி. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. தையற்காரம்மா, “அக்காகிட்டேர்ந்து பதில் வந்துச்சா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

அடுத்த மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களும் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறது. இரண்டு வருஷம் நடையாய் நடந்து பேசிய பேச்சு. இப்போது போய், விஷம் விற்றது செயலாளரின் அக்கா, அதுவும் பலகை மாட்டின கடையில் என்று சொன்னால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? குழு கலைந்துவிடும். பதினான்கு பெட்டிகளும் போய்விடும். ஒரு பெட்டியைப் பார்ப்பதா, பதினான்கைப் பார்ப்பதா?

ஒரு வழி யோசித்தேன். மாமா ஏதோ மறதியில் பழைய மருந்தை வைத்துவிட்டார், வயசாகிவிட்டது, குழு அவரை மன்னிக்கிறது என்று நானே எழுந்து சொல்கிறேன். பலகையைத் திரும்ப மாட்டிவிடலாம். மில்லுக்கும் ஆள் வரும். அவளும் வந்துவிடுவாள். உன் கடைக்கும் ஒன்றும் ஆகாது. நீ அந்தப் பக்கத்தில் மிச்சம் இருக்கிற மருந்தை மட்டும் எப்படியாவது நிறுத்து.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் நீயும் யாரிடமும் வாய் திறக்காதே. உனக்காகவும்தான் சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 18, புதன்

டேய்,

செய்யாத தப்புக்கு அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கொடுக்கப் போகிறாயா? அதைவிட அவர் தலையில் அம்மியைத் தூக்கிப் போடு. ஒரேயடியாகப் போய்விடும்.

என் கடைக்கு ஒன்றும் ஆகாது என்கிறாய். என் கடைக்கு என்ன ஆக வேண்டும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். கெட்ட சரக்கு வெளியே போய்விட்டால் வியாபாரி இரண்டு வேலை செய்ய வேண்டும். சொல்ல வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை மறைத்தால் அவள் வியாபாரி இல்லை. உன் கூகைக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும்: அந்தப் பக்கத்து ஊர்க்காரன் உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட பிறகு இது தெரியவந்தால், நீ வாங்கின எல்லாக் கையெழுத்தும் கள்ளக் கையெழுத்து.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். முழங்காலைத் துணியால் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். திருப்பித் தந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் ஒரு எலிப்பொறி கொடுத்தேன். “நீங்கதானே விற்றீங்க, இப்ப நீங்களே விஷம்ங்கறீங்களே?” என்று ஒரு பெண் வாசலில் நிற்க வைத்துக் கேட்டாள். “ஆமாம்மா, நான்தான். கொடு” என்றேன். இருபத்தாறு பாக்கெட் கைக்கு வந்தன. மூன்று வீடு பாக்கி. மீதி ஏற்கெனவே வளைகளுக்குள் போய்விட்டது. அதை நான் எந்தக் கையால் எடுப்பேன்?

இனி நான் செய்யப் போவதைக் கேள். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. போன கடிதத்தில் எழுதியதையே இன்னொரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தையற்காரம்மா கையில் சேரும்படி கண்டக்டரிடம் இன்றே கொடுத்துவிட்டேன். எழுத்தில்தானே வேண்டும் உங்கள் குழுவுக்கு? சனிக்கிழமை மில்லுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரமாட்டேன். வந்தால் நான் பேசிப் பேசியே ஜெயித்துவிடுவேன், எனக்கே அது பயமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த மூன்று வீடு.

உனக்கு நான்கு நாள் இருக்கிறது. தையற்காரம்மா வாசிப்பதற்கு முன்னால் நீயே எழுந்து சொன்னால் நீ என் தம்பி. சொல்லாவிட்டாலும் தம்பிதான், வேறு என்ன செய்வது.

அக்கா

*

மார்ச் 23, திங்கள்

அக்காவுக்கு,

நான் எழுந்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் தையற்காரம்மா உன் தாளைப் பிரித்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். அதனால் அதை எழுந்ததாகக் கணக்கு வைக்கலாமா என்று தெரியவில்லை.

“அம்மா, இதே சேதி எழுதின கடிதம் என்கிட்ட ஒரு வாரமா இருக்கு” என்றேன். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையற்காரம்மா உன் கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “செயலாளர் வேலையை வேற யாராவது பாருங்கப்பா” என்றார். சரி என்றேன். உன் கடைப் பலகையை இறக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாமாம். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், “அந்தம்மா எங்க வீட்டுக்கே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க” என்றார்கள். கையெழுத்துப் போடுவார்களா மாட்டார்களா என்று சொல்லவில்லை. தேதியையும் மாற்றச் சொல்லவில்லை.

மில் பலகையை நானே மாட்டினேன். மாமா அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, “மாமா, தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

“உங்கக்கா சனிக்கிழமை வந்தா. நடக்க முடியாம வந்தா. உட்காரச் சொன்னேன், டீ குடிச்சா. அவ வித்தா, வந்து சொன்னா, அது முடிஞ்சுது. நீ ஆறு வீடு தள்ளி இருக்கே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘என்ன மாமா, மருந்து வச்சீங்களா’ன்னு வாசல்ல வந்து கேட்டிருக்கலாமே மாப்ளே. என்னைக் கேட்கிறதுக்கு உனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்துச்சு.”

நான் ஏணியை மடக்கினேன்.

“பெட்டி இருக்கட்டும். அதுங்க என்ன பண்ணுச்சு? ஆனா நீ இந்த கேட்டைத் தாண்டாதே. ஏற வேண்டியிருந்தா என் பொண்ணு ஏறுவா.”

உள்ளே போய்விட்டார். மில் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் மாவுக்கு நின்றார்கள்.

இன்று காலை எட்டு மணிக்குப் போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். நோட்டு, பேனா எதுவும் கொண்டுபோகவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் ஏணியில் நின்றுகொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையெல்லாம் மாவு. நான் வந்தது தெரியும். திரும்பவில்லை.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா. பிறகு சத்தமாகவே கேட்டேன், மில் சத்தத்தில் மெதுவாகக் கேட்டால் காதில் விழாது:

“உயிரோட இருக்கா?”

இறங்கி, மாவைத் தட்டிவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் வராமல் அங்கேயே நின்று சொன்னாள்.

“ஒண்ணு போயிடுச்சு. மூணு இருக்கு. தாய் விடிகாலையில வந்திருக்கு போல, ஒரு எலி பாதி கிடக்கு. நீலம் இல்லை, பார்த்துட்டேன்.”

நின்றேன். அவளும் நின்றாள். உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார். போகிறபோது திரும்பாமலே சொன்னாள்:

“நாளைக்கும் வந்து கேளுங்க.”

தம்பி